டம்மியில் தேறாமல் கிடக்கும் சீட்டுகள்: பிரிட்ஜில் நீள சூட்டைத் தேற்றுவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆடி வளர்ந்தவன் நான். ஒரு வருடமாக பிரிட்ஜ் ஆடுகிறேன். 3 நோ டிரம்ப் (துருப்பு இல்லாமல் ஒன்பது பிடி, அதாவது ஒன்பது சுற்று, வெல்ல வேண்டிய ஒப்பந்தம்) என் கையில் வந்தால் பாதி நாள் ஏழு, எட்டுப் பிடியோடு நின்றுவிடுகிறேன். டம்மியில், அதாவது மேசையில் விரித்து வைக்கும் என் ஜோடியின் கையில், ஐந்து சீட்டோ ஆறு சீட்டோ உள்ள சூட் (இஸ்பேட், ஹார்ட் போன்ற இனம்) ஒன்று இருக்கும். ஆட்டம் முடிந்து பார்த்தால் அதில் இரண்டு நல்ல சீட்டு அப்படியே கிடக்கும். எங்கே தவறுகிறேன்?"

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் தவறு ஒரே இடத்தில்தான் இருக்கிறது. எப்படியும் இழந்தே தீர வேண்டிய பிடியை நீங்கள் கடைசிக்குத் தள்ளிப் போடுகிறீர்கள். அதை முதலிலேயே கொடுத்துவிட வேண்டும். இந்த ஒரு பழக்கம் மாறினால் உங்கள் எட்டுப் பிடிகளில் பாதியாவது ஒன்பதாகும் என்று நம்புகிறேன்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்பதும் புரிகிறது. இருபத்தெட்டில் மதிப்பு சீட்டின் மேல் இருக்கிறது. ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஆளுக்கு 1. அதனால் எதிராளி வெட்டுவதற்குள் பெரிய சீட்டை அடித்துப் புள்ளியை வாரிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். பிரிட்ஜில் ஏலம் முடிந்த பிறகு சீட்டுக்கு மதிப்பு கிடையாது, பிடிக்குத்தான் மதிப்பு. ஏஸ் போட்டு எடுத்த பிடியும், எல்லாரிடமும் டைமண்ட் தீர்ந்த பிறகு டைமண்ட் இரண்டைப் போட்டு எடுத்த பிடியும் ஒன்றேதான். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள்: சீட்டுக்கட்டில் ஏஸ் நான்கு, ராஜா நான்கு. அந்த எட்டும் உங்கள் பக்கமே வந்து ஒவ்வொன்றும் ஒரு பிடி எடுத்தாலும் எட்டுப் பிடிதான். 3 நோ டிரம்புக்கு ஒன்பது வேண்டும். ஆக, சின்னச் சீட்டைத் தேற்றுவது, அதாவது அதையும் பிடி எடுக்கும் சீட்டாக்குவது, ஏதோ மேல்நிலைப் பாடம் அல்ல, அடிப்படைப் பிழைப்பே அதுதான்.

ஒரு கையை எடுத்துக்கொண்டு பேசுவோம். நீங்கள் தெற்கு, டம்மி வடக்கு. ஆட்டம் 3 நோ டிரம்ப்.

டம்மி:
இஸ்பேட் 9 6 3
ஹார்ட் 8 5 4
டைமண்ட் ஏஸ், ராஜா, 7 4 2
கிளாவர் 8 5

நீங்கள்:
இஸ்பேட் ஏஸ், 8 4
ஹார்ட் ஏஸ், ராஜா, 6
டைமண்ட் 8 5 3
கிளாவர் ஏஸ், ராஜா, 7 2

மேற்கு ஹார்ட் ராணியை லீட் செய்கிறார், அதாவது முதல் சீட்டாக இறக்குகிறார். கையோடு இருப்பதை எண்ணுங்கள்: இஸ்பேடில் ஒன்று, ஹார்ட்டில் இரண்டு, டைமண்டில் இரண்டு, கிளாவரில் இரண்டு. ஏழு. இன்னும் இரண்டு வேண்டும், அது டைமண்டில்தான் வர முடியும். உங்கள் பக்கம் டைமண்ட் எட்டு, எதிரே ஐந்து. அந்த ஐந்தும் 3-2 என்று பிரிந்தால் மூன்று சுற்றில் அவர்கள் சீட்டு தீர்ந்துவிடும், டம்மியின் கடைசி இரண்டு சீட்டும் தேறிவிடும். மூன்று சுற்றில் ஒன்றை அவர்கள் எடுப்பார்கள், அதைத் தவிர்க்க முடியாது. அந்த ஒன்றை எந்தச் சுற்றில் கொடுப்பது என்பது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது.

இருபத்தெட்டுக் கை என்ன செய்யும்? ஹார்ட்டை எடுத்ததும் டைமண்ட் ஏஸ், டைமண்ட் ராஜா என்று அடித்துவிட்டு மூன்றாவது டைமண்டை விடும். கிழக்கு ராணியில் எடுக்கிறார். டம்மியில் 7, 4 இரண்டும் இப்போது அசல் பிடிகள். ஆனால் அங்கே போவது எப்படி? உங்கள் கையில் டைமண்ட் தீர்ந்துவிட்டது. டம்மியின் இஸ்பேட் 9 6 3, கிளாவர் 8 5, ஹார்ட் 8 5. எதிலும் பிடி எடுக்க வழி இல்லை. அந்த இரண்டு டைமண்டும் அங்கேயே படுத்துக் கிடக்கும். ஒன்பது வர வேண்டிய இடத்தில் ஏழு.

இப்போது அதே கையை வேறு மாதிரி ஆடுங்கள். ஹார்ட் ராஜாவில் எடுத்த உடனே டைமண்ட் 3-ஐ இறக்குங்கள். மேற்கு 9 போடுகிறார். டம்மியிலிருந்து ஏஸும் வேண்டாம், ராஜாவும் வேண்டாம்: 2. கிழக்கு 10-இல் எடுக்கிறார். அவர் ஹார்ட்டைத் திருப்பினாலும் சரி, இஸ்பேடோ கிளாவரோ வந்தாலும் சரி, உங்களிடம் எல்லாவற்றிலும் ஏஸ் இருக்கிறது. எடுத்துக்கொண்டு டைமண்ட் 5-ஐ இறக்குங்கள்: மேற்கின் ஜாக்கி விழுகிறது, டம்மியின் ஏஸ், கிழக்கின் 6. அப்புறம் டம்மியிலிருந்து ராஜா: உங்கள் 8 விழுகிறது, கிழக்கின் ராணியும் விழுகிறது. நீங்கள் டம்மியில்தான் இருக்கிறீர்கள். 7 ஒரு பிடி, 4 ஒரு பிடி. அவற்றின் மேல் கையிலிருந்து கிளாவர் 7, 2 இரண்டையும் கழித்துவிடலாம். பிறகு கைக்கு வந்து மிச்சமிருக்கும் ஏஸ், ராஜாக்களை எடுத்தால் ஒன்பது.

முழு கதையும் இதில் இருக்கிறது. பிரிட்ஜ்காரர்கள் இதை டக் செய்வது என்பார்கள், அதாவது எடுக்க முடிந்த சுற்றில் வேண்டுமென்றே சின்னச் சீட்டைப் போட்டு விட்டுக்கொடுப்பது. அந்த விட்டுக்கொடுத்தலால் நீங்கள் கூடுதலாக எதையும் இழக்கவில்லை. ஒரு டைமண்ட் எப்படியும் போக வேண்டியது. மூன்றாவது சுற்றில் போகவிருந்ததை முதல் சுற்றில் கொடுத்தீர்கள், டம்மிக்குப் போகும் பாதையான ஏஸும் ராஜாவும் பத்திரமாக இருந்தன.

இந்தக் கையில் ஏஸை ஒரு முறை அடித்துவிட்டு இரண்டாவது சுற்றில் விட்டாலும் நடக்கும், ஏனென்றால் உங்களிடம் டைமண்ட் மூன்று இருக்கிறது. உங்களிடம் 8 5 என்று இரண்டே இருந்து, டம்மியில் ஏஸ், ராஜா, 7 4 3 2 என்று ஆறு இருந்தால் அந்த வசதி இல்லை. முதல் சுற்றிலேயே விட்டாக வேண்டும். ஒரு சீட்டை விட்ட பிறகு மிச்சம் ஒரு சீட்டு இருக்கும், அதுதான் டம்மிக்கு ஏணி. 3-2 பிரிந்தால் ஐந்து பிடி. இதே அமைப்பில் ஏஸை ஆசைப்பட்டு முதலில் அடித்தால் இரண்டு பிடியோடு சரி.

எனக்கு பிரிட்ஜ் சொல்லிக்கொடுத்த பெரியவர் ஒருவர், டம்மி இறங்கியதும் என் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்ளச் சொல்வார். "எண்ணி முடிக்கிற வரைக்கும் கை மேசை மேல வரக்கூடாது" என்பார். நான் ஆரம்பத்தில் அதை வெறும் கட்டுப்பாடு என்றுதான் நினைத்தேன். முதல் போட்டியில் ஆடியபோது மேலே சொன்ன கையைப் போலவே ஒன்று வந்தது. மடியில் கை வைக்க மறந்து ஏஸ், ராஜாவை அடித்தேன். ஆட்டம் முடிந்ததும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. டம்மியில் மிச்சம் கிடந்த இரண்டு டைமண்டையும் விரலால் மெல்லத் தட்டிக் காட்டினார். அந்தச் சத்தம் இன்னும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து எண்ணாமல் ஆடியதில்லை.

சரி, 3-2 பிரியும் என்று எதை நம்பிச் சொல்கிறேன்? இது கணக்கு. எதிரே ஐந்து சீட்டு இருந்தால் அவை 3-2 என்று பிரிய வாய்ப்பு நூற்றுக்கு 68, 4-1 என்று பிரிய 28, 5-0 என்று இருக்க 4. எதிரே ஏழு இருந்தால் 4-3 பிரிய 62, 5-2 பிரிய 31. எதிரே ஆறு இருந்தால்தான் ஆளை ஏமாற்றும்: 3-3 பிரிய 36 மட்டுமே, 4-2 பிரிய 48. எதிரே நான்கு இருந்தாலும் அப்படியே, 3-1 ஆக 50, 2-2 ஆக 41. மனதில் வைக்க எளிதாகச் சொன்னால், எதிரே ஒற்றைப்படை என்றால் முடிந்த அளவு சமமாகப் பிரியும் என்று எதிர்பார்க்கலாம். இரட்டைப்படை என்றால் சமமாகப் பிரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே இரண்டே சீட்டு என்னும்போது மட்டும் இது மாறும், 1-1 ஆக 52.

புதிதாக ஆடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது அந்த ஆறில்தான். டம்மியில் ஏஸ், ராஜா, 6 4 2, உங்களிடம் 7 3. ஏழு சீட்டு உங்களுடையது, எதிரே ஆறு. 3-3 பிரிந்தால் ஒன்றை விட்டு நான்கு பிடி எடுக்கலாம் என்று கணக்குப் போட்டு ஆடுவார்கள். மூன்றில் ஒரு தடவைக்குக் கொஞ்சம் மேல்தான் அது நடக்கும். உங்களுக்கு அந்த சூட்டில் மூன்று பிடி போதும் என்றால், டம்மிக்குப் போக அந்த சூட்டுக்கு வெளியே ஒரு என்ட்ரி (அந்தக் கையில் பிடி எடுத்து உள்ளே நுழைய உதவும் சீட்டு) இருந்தால், 4-2 பிரிந்தாலும் கவலை இல்லை. இரண்டு சுற்று இழந்து மூன்று எடுக்கலாம். 3-3, 4-2 இரண்டும் சேர்ந்து 84 ஆகிறது. எனவே ஒரு சூட்டைத் தொடும் முன் உங்களுக்கு அதில் எத்தனை பிடி தேவை என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதில் அதிகபட்சம் எத்தனை வரும் என்ற கேள்வி அப்புறம்தான். தேவை குறைந்தால் பாதுகாப்பான வழி திறக்கும்.

வெளியே ஒரு என்ட்ரி என்று சொன்னேன். நீள சூட் பற்றிப் பேசுகிறவர்கள் சூட்டைப் பற்றியே பேசுகிறார்கள். என் அனுபவத்தில் பாதி ஆட்டங்கள் தோற்பது என்ட்ரியில். அதிலும் முதல் பிடியிலேயே தோற்றுவிடும், ஆடுகிறவருக்கு அது தெரியவே தெரியாது. டம்மியில் கிளாவர் ராஜா, ராணி, ஜாக்கி, 10, 5 இருக்கிறது, உங்களிடம் 7 3. ஏஸ் எதிராளியிடம். டம்மியின் வேறு ஒரே பெரிய சீட்டு ஹார்ட் ஏஸ், உங்களிடம் ஹார்ட் ராஜா. லீடும் ஹார்ட்டே வருகிறது. எங்கே எடுப்பது? டம்மி முன்னால் இருக்கிறது, ஏஸ் பளிச்சென்று தெரிகிறது, கை அதைத்தான் எடுக்கும். எடுத்த அந்தக் கணத்திலேயே கிளாவர் செத்துவிட்டது. நல்ல எதிராளி கிளாவர் ஏஸை முதல் சுற்றில் போட மாட்டார். உங்களிடம் கிளாவர் இரண்டுதான் என்று கணித்து இரண்டாவது சுற்றில் எடுப்பார். உங்கள் கையில் கிளாவர் தீர்ந்தது, டம்மிக்கு வேறு வழியும் இல்லை. மூன்று அருமையான கிளாவர்கள் அங்கேயே நிற்கும். ஹார்ட்டை ராஜாவில் எடுத்திருந்தால், எதிராளி எப்போது கிளாவர் ஏஸை எடுத்தாலும், பிறகு ஹார்ட் ஏஸில் ஏறி மிச்சத்தை எடுத்திருக்கலாம்.

எதிராளிகள் சும்மா இருக்க மாட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டம்மியின் அந்த ஒரே ஏஸை வெளியே இழுப்பதற்காகத் தன் ராஜாவையே பலி கொடுத்து அந்த சூட்டை லீட் செய்கிற ஒரு உத்தி உண்டு. அதற்கு மெர்ரிமாக் கூ என்று பெயர். 1898-இல் ஸ்பெயினோடு நடந்த போரில் கியூபாவின் சாண்டியாகோ துறைமுகத்து வாயை அடைக்க அமெரிக்கக் கடற்படை மெர்ரிமாக் என்ற தன் கப்பலைத் தானே மூழ்கடிக்கப் பார்த்தது, அதன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். டம்மியின் ஒற்றை என்ட்ரிக்கு எதிராளி ஒரு ராஜாவையே விலையாகக் கொடுக்கத் தயார் என்றால், அதை நாம் முதல் பிடியிலேயே இலவசமாகக் கொடுக்கலாமா?

என்ட்ரி சம்பந்தமாக இன்னொரு சின்ன விஷயம். குறைந்த சீட்டு உள்ள கையின் பெரிய சீட்டை முதலில் அடிக்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும். அதிலும் மேலே ஒன்று இருக்கிறது. உங்களிடம் ராஜா, ராணி என்று இரண்டே சீட்டு, டம்மியில் ஏஸ், ஜாக்கி, 10, 9, 4, வெளியே என்ட்ரி இல்லை. ராஜாவை அடியுங்கள், டம்மியின் 4 விழட்டும். அடுத்து ராணியை இறக்கி அதன் மேலேயே ஏஸைப் போடுங்கள். சொந்த ராணியைச் சொந்த ஏஸால் மூடுவது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் ஜாக்கி, 10, 9 மூன்றும் அடுத்தடுத்துப் பெரிய சீட்டுகள், அவற்றை வெல்ல வெளியே ஒன்றும் இல்லை. ராஜா, ஏஸ், ஜாக்கி, 10, 9 என்று ஐந்து பிடியும் வரும். ராணியைத் தனியாக எடுக்க ஆசைப்பட்டால் இரண்டோடு நிற்பீர்கள்.

இதுவரை சொன்னதில் எதிராளி உள்ளே வந்தாலும் நமக்கு ஆபத்து இல்லை என்ற நிலை. நிஜத்தில் பெரும்பாலும் இது ஓட்டப்பந்தயம். அவர்கள் தங்கள் நீள சூட்டைத் தேற்றுகிறார்கள், நீங்கள் உங்களுடையதை. உங்கள் சூட் தேற எத்தனை முறை அவர்களை உள்ளே விட வேண்டும், அவர்கள் சூட்டில் உங்களிடம் எத்தனை தடை (அவர்கள் ஓட்டத்தை நிறுத்தும் பெரிய சீட்டு) இருக்கிறது என்று இரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டு முறை விட வேண்டும், தடை ஒன்றுதான் என்றால் அந்தப் பந்தயத்தில் தோற்றுவிட்டீர்கள், வேறு சூட்டைப் பாருங்கள். நீளம் குறைந்ததாக இருந்தாலும் ஒரே முறை விட்டுத் தேறுகிற சூட் மேல்.

தடை ஒன்று, விட வேண்டியதும் ஒன்று என்றால் என்ன செய்வது? அங்கேதான் ஏஸைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வித்தை. மேற்கு இஸ்பேட் லீட் செய்கிறார், உங்களிடம் ஏஸ், 7 4, டம்மியில் 6 3. எத்தனை சுற்று எடுக்காமல் விட வேண்டும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு: இரண்டு கையிலும் சேர்த்து அந்த சூட்டில் உள்ள சீட்டுகளை ஏழிலிருந்து கழியுங்கள். இங்கே ஐந்து, கழித்தால் இரண்டு. இரண்டு சுற்று விட்டு மூன்றாவதில் எடுங்கள். எதிரே எட்டு இஸ்பேட். மேற்கிடம் ஐந்து இருந்தால் கிழக்கிடம் மூன்று, அந்த மூன்றும் இப்போது தீர்ந்துவிட்டது. இனி கிழக்கு உள்ளே வந்தாலும் மேற்கின் இஸ்பேடுக்குப் பாலம் போட அவரால் முடியாது. கிழக்கிடம் இன்னும் ஒரு இஸ்பேட் இருக்கிறது என்றால் பிரிவு 4-4 என்று அர்த்தம். அப்போது மொத்தமே மூன்று இஸ்பேட்தான் போகும், அதுவும் பரவாயில்லை.

ஆக, விட வேண்டிய பிடியைக் கிழக்குக்குத்தான் விட வேண்டும், மேற்குக்கு அல்ல. உங்களுக்கு நான்கு பிடி தேவைப்படும் கிளாவர் இப்படி இருக்கிறது: டம்மியில் ஏஸ், ஜாக்கி, 10, 9, 5, உங்களிடம் ராஜா, 8 4. ராணி எங்கே என்று தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ராஜாவை அடித்துவிட்டு டம்மியை நோக்கி 4-ஐ இறக்குங்கள், மேற்கு சின்னதைப் போட்டால் ஜாக்கியைப் போடுங்கள். ராணி மேற்கிடம் இருந்தால் ஐந்து கிளாவரும் உங்களுடையவை. கிழக்கிடம் இருந்தால் அவர் எடுப்பார், எடுத்துவிட்டுப் போகட்டும். இஸ்பேட் தீர்ந்த அவரால் உங்களுக்குக் கெடுதல் இல்லை. ராணி கிழக்கிடம்தான் இருக்கும் என்று உள்ளுணர்வு எவ்வளவு அடித்துச் சொன்னாலும் இந்தப் பக்கமே ஆடுங்கள். அந்தப் பக்கம் ஆடி உள்ளுணர்வு பொய்த்தால் மேற்கு உள்ளே வந்து இரண்டு இஸ்பேடையும் அடித்துவிடுவார்.

துருப்பு ஆட்டத்தில் சூட்டைத் தேற்றும் முறை கொஞ்சம் வேறு. அங்கே இழந்து தேற்றுவதற்குப் பதிலாகப் பெரும்பாலும் வெட்டித் தேற்றலாம். நான் மிகவும் ரசிக்கும் வகைக் கை இது. ஆட்டம் 6 இஸ்பேட், அதாவது இஸ்பேட் துருப்பு, பன்னிரண்டு பிடி வேண்டும். லீட் கிளாவர் ராணி.

டம்மி:
இஸ்பேட் ராஜா, 10
ஹார்ட் ஏஸ், 5 3
டைமண்ட் ஏஸ், 8 6 4 2
கிளாவர் ஏஸ், 7 4

நீங்கள்:
இஸ்பேட் ஏஸ், ராணி, ஜாக்கி, 9 8 7
ஹார்ட் ராஜா, 8 4
டைமண்ட் 5
கிளாவர் ராஜா, 6 3

துருப்பில் ஆறு, ஹார்ட்டில் இரண்டு, டைமண்டில் ஒன்று, கிளாவரில் இரண்டு. பதினொன்று. பன்னிரண்டாவது எங்கே? ஹார்ட்டில் ஒன்று போகும், கிளாவரில் ஒன்று போகும், இரண்டில் ஒன்றைக் கழித்தாக வேண்டும். டம்மியின் ஐந்தாவது டைமண்டைத் தேற்றினால் அதன் மேல் கழிக்கலாம். எதிரே டைமண்ட் ஏழு. 4-3 பிரிந்தால் ஏஸ் ஒரு சுற்று, மூன்று முறை வெட்டு, அதோடு அவர்களிடம் தீர்ந்தது.

இப்போது என்ட்ரியை எண்ணுங்கள், நிதானமாக. டைமண்ட் ஏஸில் டம்மிக்குப் போகிறீர்கள், அங்கிருந்தே ஒரு டைமண்டை வெட்டுகிறீர்கள். இரண்டாவது வெட்டுக்கு ஒரு முறை டம்மிக்குப் போக வேண்டும், மூன்றாவதுக்கு இன்னொரு முறை. தேறிய சீட்டை எடுக்கக் கடைசியாக ஒரு முறை. மொத்தம் மூன்று என்ட்ரி. இருப்பவை துருப்பு 10, துருப்பு ராஜா, ஹார்ட் ஏஸ், கிளாவர் ஏஸ் என்று நான்கு. தாராளமாகத் தெரிகிறதா? பழக்க தோஷத்தில் முதலில் துருப்பை எல்லாம் இழுத்துவிட்டுப் பிறகு டைமண்டைத் தொட்டால் ராஜாவும் 10-ம் வீணாகிவிடும். மிச்சம் ஹார்ட் ஏஸும் கிளாவர் ஏஸும். இரண்டாவது வெட்டுக்கு ஒன்று, மூன்றாவதுக்கு ஒன்று. ஐந்தாவது டைமண்ட் தேறிவிடும், அதை எடுக்கப் போக வழி இருக்காது. ஒரே ஒரு என்ட்ரி குறையும்.

சரியான வரிசை இது. கிளாவரைக் கையில் ராஜாவில் எடுங்கள். டைமண்ட் ஏஸ், டைமண்ட் வெட்டு. துருப்பு 7-ஐ இறக்கி 10-இல் டம்மிக்குப் போங்கள். வெளியே இருக்கும் துருப்பு 6 5 4 3 2 மட்டும்தான், 10 நிச்சயம் நிற்கும். மறுபடி டைமண்ட் வெட்டு. துருப்பு ராஜாவுக்குப் போய் மூன்றாவது டைமண்ட் வெட்டு. நீங்கள் வெட்டுகிற எந்தத் துருப்பும் 6-க்கு மேல், அதனால் யாரும் மேல்வெட்டு வெட்ட முடியாது. கையில் இப்போது துருப்பு ஏஸ் ஒன்றுதான் மிச்சம். இரண்டு சுற்றுத் துருப்பு ஏற்கெனவே போய்விட்டது, 3-2 பிரிந்திருந்தால் வெளியே ஒன்றே ஒன்று இருக்கும். ஏஸை அடித்து அதை இழுத்துவிடுங்கள், டம்மியிலிருந்து ஒரு ஹார்ட்டைக் கழியுங்கள். பிறகு கிளாவர் ஏஸில் டம்மிக்குப் போய் டைமண்ட் 8-ஐ எடுங்கள், அதன் மேல் கையிலிருக்கும் கடைசிக் கிளாவர் போகட்டும். ஹார்ட் ஏஸ், ஹார்ட் ராஜா. பன்னிரண்டு. கடைசி ஹார்ட் ஒன்றை மட்டும் அவர்களுக்குக் கொடுக்கிறீர்கள்.

இதற்கு டைமண்ட் 4-3-ம் வேண்டும், துருப்பு 3-2-ம் வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்க வாய்ப்பு நூற்றுக்கு 42 பக்கம். குறைவுதான், ஆனால் இந்தக் கையில் வேறு நேரான வழி இல்லை. துருப்பை இழுப்பதும் டைமண்டைத் தேற்றுவதும் தனித்தனி வேலை என்று நினைக்கிறவருக்கு அந்த 42-ம் கிடைக்காது. துருப்பு ராஜாவும் 10-ம் ஒரே நேரத்தில் துருப்பையும் இழுத்தன, டம்மிக்கும் ஏற்றிவிட்டன. அதனால்தான் கணக்கு சரியாக வந்தது.

சீட்டுக்கட்டு கையில் இருந்தால் இந்தக் கையைப் பிரித்து மேசையில் பரப்பி, எதிரே டைமண்டை 4-3 ஆகவும் துருப்பை 3-2 ஆகவும் வைத்து இரண்டு வரிசையிலும் ஆடிப் பாருங்கள். துருப்பை முதலில் இழுக்கும் வரிசையில் கடைசியாக டம்மியில் அந்த டைமண்ட் 8 தனியாக நிற்பதைப் பார்ப்பீர்கள். உங்கள் 3 நோ டிரம்ப் ஆட்டங்களில் கிடக்கும் சீட்டும் அதே சீட்டுதான்.